பட்ஜெட்டின் நாற்பத்து மூன்றாவது வரி

அந்தப் படத்தின் பட்ஜெட்டில் அறுபத்தொரு வரிகள் இருந்தன. அறுபதைப் பேனாவால் எழுதினேன். நாற்பத்து மூன்றாவதை மட்டும் பென்சிலால் எழுதினேன். 'குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள், ஒருவர், நாளுக்கு எண்ணூறு, பதினெட்டு நாள், பதினாலாயிரத்து நானூறு.' குழந்தை என்னுடையது. அப்போது அவளுக்கு ஒரு வயது எட்டு மாதம்.

படம் என் கல்லூரித் தோழியுடையது. சென்னையில் ஏழு வருடம் உதவி இயக்குநராக அலைந்துவிட்டு, சொந்தக் கதையோடு ஊருக்குத் திரும்பியிருந்தாள். இறந்துபோன அப்பாவின் ஃபைபர் படகை விற்பதா வேண்டாமா என்று அக்காவும் தங்கையும் சண்டை போடும் கதை. பெயர் தெரிந்த நடிகர் யாரும் கிடையாது. பதினெட்டு நாள், பத்தொன்பது பேர், இருபத்தெட்டு லட்சம். அதில் பதினைந்து லட்சத்தை அவளுடைய பெரியப்பா போடுவதாகச் சொல்லியிருந்தார். தூத்துக்குடியில் பலசரக்கு மொத்தக் கடை வைத்திருக்கிறவர். அவர் ஒவ்வொரு வரியையும் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் பணம் வரும். மடிக்கணினியில் காட்டினால் பார்க்கமாட்டார். தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும்.

சினிமாவுக்கும் எனக்கும் சம்பந்தம் இல்லை. துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் ஐந்து வருடம் இறக்குமதிக் கன்டெய்னர்களுக்குக் காகிதம் பார்த்தேன். பிரசவத்துக்குப் போய்த் திரும்பியபோது என் நாற்காலியில் வேறொரு பெண் இருந்தாள். அவள் பதறி எழுந்து இடம் கொடுத்தாள். நான்தான் உட்காரச் சொல்லிவிட்டு வந்தேன். தோழி கேட்டதெல்லாம் ஒன்றுதான். கப்பலில் வந்த சரக்கு எத்தனை நாள் சும்மா கிடக்கலாம், எந்த நாளிலிருந்து வாடகை ஏறும் என்று கணக்குப் போட்டவள் நீ, கேமராவுக்கு மட்டும் போடமாட்டாயா என்றாள்.

போட முடியும் என்றுதான் எனக்கும் தோன்றியது. கேமரா வந்து இறங்கிவிட்டால் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் வாடகை ஓடும். லைட்டும் அப்படித்தான், ஜெனரேட்டரும் அப்படித்தான். அதனால் எந்தக் காட்சிக்கு என்ன பொருள் வேண்டும் என்று பிரித்து, லைட் வேண்டிய காட்சிகளையெல்லாம் குலசேகரன்பட்டினத்தில் ஒரே வீட்டில் ஆறு நாளுக்குள் அடைத்தேன். மீதிப் பன்னிரண்டு நாளுக்கு லைட் வண்டியே கிடையாது. தசரா மாதத்தைத் தொடவில்லை. அப்போது அங்கே அறை வாடகை மூன்று மடங்கு ஆகும். இதையெல்லாம் என் மகள் மதியம் தூங்கும் ஒன்றேகால் மணி நேரத்தில் செய்தேன். விசிறியின் சத்தம் மாறினாலே பேனாவை வைத்துவிட்டு அவள் மூச்சைக் கவனிப்பேன். பிறகு நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன். தொட்டதில் விழித்துவிடுவாளோ என்று பயப்படுவேன். விழித்தும்விடுவாள்.

வேலையை ஒத்துக்கொள்ளும் முன் எல்லோரிடமும் கேட்டேன். அப்படித்தான் வளர்ந்திருக்கிறேன். என் கணவருக்குச் சாகுபுரம் ஆலையில் ஷிஃப்ட் வேலை. நாங்கள் இருப்பதும் அங்கேதான். செய் என்றார். லீவு மட்டும் நாலு நாளுக்கு மேல் கிடைக்காது என்றார். மாமியாருக்கு முட்டியில் ஆபரேஷன் முடிந்து ஊன்றுகோலோடு நடக்கிறார். ஓடும் பிள்ளையைப் பிடிக்க முடியாது. என் அம்மா போனில் பிள்ளைக்கு ரெண்டு வயசாவது ஆகட்டுமே என்றார். இரண்டு வயதில் என்ன மாறிவிடும் என்று நான் கேட்கவில்லை. ஆனால் ஒன்று தெளிவாகிவிட்டது. குழந்தையைப் பார்க்க ஆள் இருந்தால் நான் படப்பிடிப்புக்குப் போகலாம். இல்லாவிட்டால் கணக்கை எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில் இருக்க வேண்டியதுதான். நான் போட்ட கணக்கை இன்னொருவர் நடத்துவார்.

அதனால்தான் அந்த வரி. எழுதிய பிறகு இரண்டு முறை ரப்பரால் அழித்தேன். மூன்றாவது முறை எழுதியபோது தாளே கொஞ்சம் பிய்ந்துவிட்டது.

தோழிக்குக் காட்டினேன். அவள் எதிர்ப்புச் சொல்லவில்லை. அதை அப்படியே எழுதாதே, 'இதர செலவு' என்ற வரியில் சேர்த்துவிடு, பெரியப்பா கண்ணில் படாது என்றாள். நல்ல யோசனைதான். செய்திருக்கலாம். துறைமுக ஆபீஸில் 'இதர செலவு' என்று எழுதியதெல்லாம் எதற்கு என்று எனக்குத் தெரியும். வெளியே சொல்ல முடியாத செலவுகளுக்கு. என் மகள் அந்தப் பட்டியலில் சேரக் கூடாது என்று அப்போது ஏனோ ஒரு பிடிவாதம் வந்துவிட்டது.

படகுக்கு விலை பேச மணப்பாட்டுக்குப் போனது இதற்குப் பிறகு. மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, திருச்செந்தூரில் பஸ் மாறிப் போனேன். பையில் கஞ்சி ஃபிளாஸ்க், இரண்டு மாற்றுச் சட்டை, காய்ச்சல் மருந்து, தெர்மாமீட்டர். ஒன்றுக்கும் தேவை வரவில்லை.

படகு ஒரு அக்காவுடையது. அவர் கணவர் கப்பலில் வேலையாக வெளிநாட்டில் இருக்க, படகைக் கரையிலிருந்து நடத்துவது அவர்தான். நாற்பது வயதிருக்கும். மணலில் இழுத்துப் போட்டிருந்த படகில் சாய்ந்து நின்று நான் சொன்னதையெல்லாம் கேட்டார். நாளுக்கு மூவாயிரம் வாடகை, மூன்று நாள், டீசல் தனி. என் தாளில் ஒன்பதாயிரம் என்று ஏற்கெனவே எழுதியிருந்தேன். லாரிக்கு விலை பேசிப் பழகியவள் அப்படித்தான் எழுதுவேன்.

அவர் வாடகை என்ற சொல்லையே காதில் வாங்கவில்லை. படகு கடலுக்குள் இறங்கினால் பங்குதான் என்றார். மீன் பிடிக்கப் போனாலும் சரி, படம் பிடிக்கப் போனாலும் சரி. விரல்விட்டு எண்ணினார். படகுக்கு இரண்டு, இன்ஜினுக்கு ஒன்று, ஆளுக்கு ஆறு. ஒன்பது பங்கு. பங்குக்கு எண்ணூறு.

படகில் வரப்போவது நாலு பேர்தானே என்று கேட்டேன். இன்னும் இரண்டு பேர் கரையில் என்றார். ஒருவர் வலை பழுதுபார்ப்பவர். இன்னொருவர் மணிக்கட்டு ஒடிந்து கட்டுப் போட்டிருப்பவர்.

"படகுல ஏறாதவங்களுக்கு எதுக்குக்கா பங்கு?" என்றேன். அந்த வாக்கியத்தை நான் சொன்ன குரல் இப்போதும் ஞாபகம் இருக்கிறது. ஆபீஸ் குரல்.

"ஏளா, ஒடிஞ்ச கை கூடுத வரைக்கும் அவன் பொண்டாட்டியும் பிள்ளையும் மண்ணையா திங்கும்? ஒரு நா பங்க வெட்டுனம்னா கை சரியானதும் அடுத்த படகுக்குப் போயிருவான். அப்ப நீயா வந்து எனக்கு வலை இழுப்ப?"

"ஷூட்டிங்ல வலையே கிடையாதே அக்கா."

"வலை இல்லாமப் போவ எம் படகு என்ன ஏரியில வாத்துப் படகா?"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். என் மகளும் எல்லோரும் சிரிப்பதைப் பார்த்துச் சிரித்தாள். கட்டுப் போட்ட கைக்காரர் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். அவரை வைத்துக்கொண்டேதான் அவர் பங்கை வெட்டப் பார்த்திருக்கிறேன். அவர் என்னைக் கோபமாகப் பார்க்கவில்லை. சரியான கையால் ஒரு சிப்பியை எடுத்து என் மகளிடம் நீட்டினார். வாயில் வைத்துவிடுவாளோ என்று நான் பாய்ந்து பிடுங்கினேன்.

பக்கத்துக் கரைகளில் இன்னும் இரண்டு படகுக்காரர்களிடம் கேட்டுப் பார்த்தேன். எல்லாக் கரையிலும் பேச்சு ஒன்றாகத்தான் இருந்தது. திரும்பி வந்து அக்காவிடம் ஒத்துக்கொண்டேன். மூன்று நாளுக்கு இருபத்தோராயிரத்து அறுநூறு. ஒன்பதாயிரம் எழுதியிருந்த இடத்தில் பன்னிரண்டாயிரத்து அறுநூறு கூடிவிட்டது. பஸ்ஸில் வரும்போதே தெரிந்தது, அந்தப் பணத்தை எங்கே தேடுவார்கள் என்று.

கடையின் பின்னால் இருந்த சரக்குக் கிட்டங்கியில் அண்ணாச்சி எங்களை உட்கார வைத்தார். தோழிக்கு அவர் பெரியப்பா, ஊருக்கு அண்ணாச்சி, எனக்கும் அண்ணாச்சி. மிளகாய் வற்றல் மூட்டைகளுக்கு நடுவே மூன்று பிளாஸ்டிக் நாற்காலி. மகள் என் மடியில் நிமிடத்துக்கு ஒரு முறை தும்மினாள். ஒவ்வொரு தும்மலுக்கும், இவளை இங்கே தூக்கி வந்திருக்கக் கூடாது என்று எனக்குத் தோன்றியது. எங்கே விட்டு வந்திருக்க வேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை.

அவர் நல்ல மனிதர். கணக்கும் தெரிந்தவர். பேனாவை வைத்து ஒவ்வொரு வரியாக டிக் அடித்துக்கொண்டே வந்தார். கேமரா வாடகையில் ஒரு நாளை எப்படிக் குறைத்தேன் என்று கேட்டு, சொன்னதும் பலே என்றார். சாப்பாட்டு வரியில் அரிசி பருப்பெல்லாம் கடையிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம் என்று எண்பதாயிரத்தை அறுபதாக்கி, அந்த இருபதைத் தன் பங்கிலேயே கழித்துக்கொண்டார். என் சம்பளம் இரண்டு மாதத்துக்கு நாற்பதாயிரம் என்று எழுதியிருந்தேன். முப்பத்தஞ்சு வச்சுக்கிடுவோமா என்றார். சரி என்றேன். கேட்ட மறு நொடியே சரி என்றேன். அந்த ஐயாயிரத்துக்காக இன்றைக்கும் என்னை நானே திட்டிக்கொள்கிறேன்.

படகு வரியில் நின்றார். பங்கு முறையை விளக்கினேன். கரையில் இருக்கும் இரண்டு பேர் உட்பட. அவர் ஒரு வார்த்தை மறுக்கவில்லை. கடற்கரைக்காரர்களுக்குச் சரக்குக் கொடுத்து வாங்கியவர் அவர். அது அவுக முறை, நாம மாத்த முடியாது என்று சொல்லி டிக் அடித்தார். கூடிப்போன பன்னிரண்டாயிரத்து அறுநூறை மட்டும் ஓரத்தில் குறித்துக்கொண்டார்.

பிறகு நாற்பத்து மூன்று.

"இது என்னம்மா பென்சில்ல?"

சொன்னேன். அவர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என் மகளைப் பார்த்தார். எரிச்சலே இல்லாமல், கடையில் பேசும் அதே குரலில் பேசினார். கடையின் முன்பக்கம் வற்றல் பொட்டலம் போடுகிற பெண்கள் எல்லோரும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டுதான் வருகிறார்கள், சாக்கை விரித்துப் படுக்கப் போட்டுவிட்டு வேலை பார்க்கிறார்கள், ஒருத்தி இதுவரை அதற்குத் தனியாகக் கேட்டதில்லை என்றார். பிறகு ஓரத்தில் குறித்ததைக் காட்டினார். இதை எடுத்துவிட்டால் படகுக்குக் கூடிப்போனது சரியாகிவிடும், கொஞ்சம் மிச்சம்கூட வரும்.

எனக்கு ஒரு நிமிடம் அதுதான் நியாயம் என்றே பட்டது. எண்கள் அப்படி அழகாகப் பொருந்தின. சரி, எடுத்துவிடுங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தும்விட்டேன். அதற்குள் அவரே இன்னும் ஒன்று சொன்னார்.

"படத்துல வேலை பாக்காத பிள்ளைக்கு, படத்துத் துட்டு எதுக்கு?"

மணப்பாட்டு மணலில் நான் பேசியது அப்படியே திரும்பி வந்தது. ஆபீஸ் குரல்கூட மாறவில்லை. முகத்தில் சூடு ஏறியது. வெட்கமா கோபமா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. கோபம் என்றே வைத்துக்கொண்டேன்.

"கை ஒடிஞ்சவருக்கு டிக் அடிச்சீகளே அண்ணாச்சி" என்றேன். "அவரும்தான் படத்துல இல்ல."

"அது அவுக முறைன்னு சொன்னேம்லா."

"இதுவும் முறைதான். இங்கன இன்னும் யாரும் எழுதல, அவ்வளவுதான். உங்க கடையில பொட்டலம் போடுதவங்களுக்கும் குடுக்கணும்."

தோழி என் முழங்கையைத் தொட்டாள். பதினைந்து லட்சம் எதிரே உட்கார்ந்திருக்கிறது. அவளுடைய ஏழு வருடம் எதிரே உட்கார்ந்திருக்கிறது. அது எனக்குத் தெரியாதா? தெரிந்துதான் பேசினேன். பேசிக்கொண்டே, தப்பாகப் பேசுகிறோமோ என்றும் நினைத்தேன். இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தன. ஆனாலும் நிறுத்தவில்லை. ஜெனரேட்டர் இல்லாமல் லைட் எரியாது என்றால் ஜெனரேட்டருக்கு வரி போடுகிறோம். ஆள் இல்லாமல் நான் வர முடியாது. நான் வராவிட்டால் இந்தக் கணக்கை அங்கே தெரிந்து நடத்த ஆள் இல்லை. ஒரு நாள் தவறினால் எவ்வளவு போகும் என்று நானே அவருக்குச் சொன்னேன். ஒன்றே கால் லட்சம். அதற்குக் காவல் பதினாலாயிரத்து நானூறு. மொத்த வியாபாரம் செய்கிறவர், கழித்துப் பார்க்கட்டும்.

"அப்பம் படகுத் துட்டு எங்கேருந்து வரும்?" என்றார். அது நியாயமான கேள்வி. அதற்கு நான் பஸ்ஸிலேயே பதில் வைத்திருந்தேன். சொல்லத்தான் தைரியம் இல்லாமல் இருந்தது, ஏனென்றால் அது தோழியின் நெஞ்சில் கை வைக்கிற பதில்.

இருபத்தேழாவது வரி. ட்ரோன், இரண்டு நாள், பதினைந்தாயிரம். கடலுக்கு நடுவே படகில் அக்காவும் தங்கையும் தனியாக இருப்பதை மேலிருந்து காட்டும் ஒரு ஷாட். அவள் கதை சொல்லும்போதெல்லாம் அந்த ஷாட்டில்தான் தொடங்குவாள். அண்ணாச்சிக்கும் அது பிடிக்கும். பெரிய படம் மாதிரி இருக்கும் என்பார். ஆனால் இந்தக் கடற்கரையில் ட்ரோன் பறக்கவிட அனுமதி வாங்குவது எப்படி என்று துறைமுகத்தில் வேலை பார்த்த எனக்குத் தெரியும். எத்தனை மேசை, எத்தனை வாரம். அனுமதி வராமல் ட்ரோன்காரர் அறையில் படுத்துக் கிடந்தாலும் பதினைந்தாயிரம் போகும். மணப்பாட்டில் சிலுவைக் கோவில் இருக்கும் மேட்டில் ஏறி நின்றால் கடல் முழுக்கக் காலடியில் விரிந்து கிடக்கிறது. படகு அந்தப் பக்கமாக வந்தால் அங்கிருந்தே எடுக்கலாம். கோவிலில் கேட்டுக்கொள்ள வேண்டும். செலவு ஒன்றும் இல்லை.

இதைச் சொல்லிவிட்டுத் தோழியைப் பார்க்காமல் இருந்தேன். அண்ணாச்சி அவளைக் கேட்டார். "நீ என்னளா சொல்லுத?"

மகள் இரண்டு முறை தும்மினாள்.

"நேர மேலருந்து பாக்க மாதிரி வராது" என்றாள் தோழி என்னிடம். "சாஞ்சுதான் தெரியும்."

"ஆமா. சாஞ்சுதான் தெரியும்" என்றேன்.

"எடுத்துருங்க பெரியப்பா" என்றாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

அண்ணாச்சி இருபத்தேழைக் கோடு போட்டு அடித்தார். நாற்பத்து மூன்றுக்கு வந்து, பேனாவைத் தாளின் மேல் வைத்தபடி யோசித்தார். டிக் அடிக்கவும் இல்லை, கோடு போட்டு அடிக்கவும் இல்லை. பென்சில் எழுத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அழித்துவிடுவது எவ்வளவு சுலபம் என்று அவருக்கும் தெரிந்திருக்கும். நான்தானே அப்படி எழுதிக் கொடுத்தேன்.

"அந்தப் பேனாவக் குடுங்க அண்ணாச்சி" என்றேன்.

கொடுத்தார். மகளை இடது கையில் மாற்றிக்கொண்டு, பென்சில் எழுத்தின் மேலேயே அழுத்தி எழுதினேன். குழந்தை, ஆள், ஒருவர், எண்ணூறு, பதினெட்டு. தாள் பிய்ந்த இடத்தில் மை கொஞ்சம் ஊறியது. பேனாவைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். என்ன அர்த்தத்தில் என்று தெரியாது. டிக் அடிக்காமலேயே அடுத்த வரிக்குப் போய்விட்டார். அறுபத்தொன்றும் முடிந்ததும் கடைசித் தாளில் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்ததும் தோழி பஸ் ஸ்டாண்டு வரை எனக்கு நாலடி முன்னால் நடந்தாள். அதற்குள் நான் பத்து முறை மன்னிப்புக் கேட்டிருப்பேன், மனசுக்குள். வாய்விட்டு ஒரு முறையும் கேட்கவில்லை. பஸ் ஏறும்போது, எனக்குப் பிள்ளை பொறந்தா நீதான் வந்து இப்பிடிச் சண்டை போடணும் என்றாள். அதில் கொஞ்சம் கோபமும் இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும்.

கை ஒடிந்தவரின் மனைவிதான் என் மகளைப் பார்த்துக்கொள்ள வந்தார். படகு அக்கா சொல்லி அனுப்பியது. குலசேகரன்பட்டினத்தில் படப்பிடிப்பு நடந்த வீட்டின் பின்கட்டிலும், மணப்பாட்டு மணலிலும் அவர் சேலை விரித்துக்கொண்டு உட்கார, மகள் அவரைச் சுற்றியே திரிந்தாள். முதல் நாள் நான் அரை மணிக்கு ஒரு தடவை ஓடிப்போய்ப் பார்த்தேன். அவர் கடைசியில், நீங்க இப்படி வந்து வந்து மூஞ்சியக் காட்டுனா பிள்ள அழத்தாம் செய்யும், போய்ச் சோலியப் பாருங்க என்று விரட்டினார். போனேன். அன்றைக்கு எடுக்க வேண்டிய நாலு காட்சியும் வெளிச்சம் போகும் முன் முடிந்தன.

படகுக் காட்சி எடுத்த முதல் நாள் சாயங்காலம், படகு அக்கா மணலில் நின்று ஒன்பது பங்கையும் வாங்கி எண்ணிப் பிரித்தார். பிறகு நான் பிள்ளை பார்த்தவருக்கு எண்ணூறு கொடுத்து வவுச்சரில் கையெழுத்து வாங்கினேன். எங்களுக்கு உடைகள் பார்க்க நாசரேத்திலிருந்து வந்துகொண்டிருந்த பெண் அதைக் கவனித்தாள். அவளுக்கு மூன்று வயதில் ஒரு மகன். அவனைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, மதியம் மூன்று முறை போன் போடுவாள். இதெல்லாம் பட்ஜெட்டுல இருக்கா என்று மெல்லக் கேட்டாள்.

"இருக்கு" என்றேன். "நாளைக்குக் கூட்டிட்டு வாங்க."

கூட்டி வந்தாள். இரண்டு பிள்ளைகளைப் பார்க்க எண்ணூறு காணாது என்று கைக்காரர் மனைவி நேராகவே சொன்னார். அவர் சொன்னது சரி. அண்ணாச்சியிடம் கேட்க வேண்டும் என்று போனைக் கையில் எடுத்தேன். தோழியிடமாவது ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அவள் மேட்டின் மேலே கேமராவுக்குப் பக்கத்தில் நின்று, சாய்வாகத் தெரிந்த படகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

போனைப் பைக்குள் போட்டுவிட்டுத் தாளை எடுத்தேன். நாற்பத்து மூன்றாவது வரியில் எண்ணூறை அடித்து ஆயிரத்து இருநூறு என்று எழுதினேன். பேனாவால்தான்.